1930களின் பெருமந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1929இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு என் பதில்கள் இவை. பொருளாதார அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்ளும் இடங்களில் நான் எந்தப் பக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

மந்தம் அவ்வப்போது வருவதுதானே, இதை மட்டும் ஏன் பெருமந்தம் என்கிறார்கள்?

அளவைப் பார்த்தால் புரியும். 1929இல் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் சுமார் 3 சதவீதம். 1933இல் சுமார் 25 சதவீதம், அதாவது உழைக்கத் தயாராக இருந்த நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் கூப்பிட்டு மீதி நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. தொழிற்சாலை உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 1929இல் 50 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் செய்த மோட்டார் தொழில் 1932இல் 14 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சாதாரண மந்தம் என்றால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தலைதூக்கிவிடும். இது மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தது.

பங்குச் சந்தை விழுந்ததால்தானே இத்தனையும்?

பலருக்கும் தெரிந்த கதை இதுதான், ஆனால் பாதிக் கதை. பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பர் 3 அன்று 381 புள்ளிகளில் இருந்தது. அக்டோபர் 28, 29 ஆகிய இரண்டே நாட்களில் கால்பங்குக்கு அருகே கரைந்துபோனது. கையில் 10 டாலர் வைத்துக்கொண்டு 90 டாலர் கடன் வாங்கி 100 டாலருக்குப் பங்கு வாங்கியவர்கள் நிறையப் பேர். விலை இறங்கியதும் தரகர்கள் கூடுதல் பணம் கேட்டார்கள், கொடுக்க முடியாதவர்களின் பங்குகளை விற்றுத்தள்ளினார்கள், அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கியது.

சரி, ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 12 கோடிப் பேர் இருந்த நாட்டில் தரகு நிறுவனங்களில் கணக்கு வைத்திருந்தவர்கள் 15 லட்சம் பேர் அளவில்தான். இரண்டு, 1930 ஏப்ரலுக்குள் குறியீடு 290ஐத் தாண்டி மீண்டது, அதாவது விழுந்ததில் பாதியைத் திரும்பப் பிடித்துவிட்டது. கதை அங்கேயே முடிந்திருந்தால் இன்று 1929ஐப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்ததே, அதற்குப் பிறகு பெருமந்தம் ஏதும் வரவில்லை. 1929 சரிவு மக்களைப் பயமுறுத்தியது, கார், வானொலி மாதிரித் தவணையில் வாங்கும் பொருள்களின் விற்பனையைப் படுக்க வைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் குறியீடு 1932 ஜூலை 8 அன்று 41க்கு இறங்கிப் போனதற்குக் காரணம் சந்தைக்குள் இல்லை, வெளியே இருந்தது.

அப்படியானால் உண்மையான காரணம் எது?

என் பார்வையில் வங்கிகள். 1930க்கும் 1933க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அன்றைய அமெரிக்க வங்கிகளில் பெரும்பாலானவை ஒரே ஊரில் ஒரே கட்டடத்தில் இருந்த சின்ன வங்கிகள். பல மாநிலங்களில் கிளை திறக்கவே சட்டம் தடையாக இருந்தது. அந்த ஊரில் கோதுமை விளையும் என்றால் வங்கி கொடுத்த கடன் அத்தனையும் கோதுமையை நம்பித்தான் இருக்கும், கோதுமை விலை விழுந்தால் வங்கியும் விழும்.

கிராமத்து வங்கிகளோடு இது நிற்கவில்லை. நியூயார்க்கில் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று ஒரு வங்கி இருந்தது. பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று நினைக்க வேண்டாம், அது ஒரு தனியார் வங்கி, சுமார் 4 லட்சம் கணக்குகள், அதில் பெரும்பகுதி யூதக் குடியேறிகளின் சிறுசேமிப்பு. 1930 டிசம்பர் 10 அன்று பிராங்க்ஸ் பகுதிக் கிளைக்கு ஒரு சிறு வியாபாரி வந்து, தன்னிடம் இருந்த அந்த வங்கியின் பங்குகளை விற்றுத்தரச் சொன்னதாகவும், அலுவலர்கள் 'நல்ல பங்கு, விற்காதீர்கள்' என்று அறிவுரை சொல்லி அனுப்பியதாகவும், அவர் வெளியே போய் 'பணம் தர மறுக்கிறார்கள்' என்று சொன்னதாகவும் அன்றைய செய்திகள் சொல்கின்றன. மதியத்துக்குள் வாசலில் கூட்டம், பிறகு தெரு நிறைய ஆயிரக்கணக்கில் மக்கள், குதிரைப் போலீஸ். மறுநாள் வங்கி திறக்கவில்லை. அதைக் காப்பாற்ற நகரத்துப் பெரிய வங்கிகள் கூடிப் பேசி, கடைசியில் கைவிட்டன. பெயரில் நாட்டின் பெயர் இருந்ததால் வெளிநாடுகளில் இது இன்னும் மோசமாகக் கேட்டது.

ஒரு வங்கி மூடினால் அதில் போட்டவர்களின் சேமிப்பு போவது ஒரு பக்கம். மூடாத வங்கிகளும் பயந்து, புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தி, பழைய கடனைத் திருப்பிக் கேட்டு, பணத்தைப் பெட்டியில் பூட்டிவைப்பது இன்னொரு பக்கம். மக்களும் எடுத்த பணத்தைப் பரணிலும் மெத்தைக்கு அடியிலும் வைக்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கணக்கில் எழுதப்பட்ட எண்தான் என்பதால், இப்படி ஒவ்வொரு வங்கியாகச் சுருங்கச் சுருங்க நாட்டின் மொத்தப் பணமே சுருங்கியது. 1929 ஆகஸ்ட் முதல் 1933 மார்ச் வரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போனது. பொருளாதார அறிஞர்கள் மில்டன் ஃபிரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1963இல் இந்தக் கணக்கை விரிவாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சே மாறியது.

மத்திய வங்கி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

ஃபெடரல் ரிசர்வ் 1913இல் உருவாக்கப்பட்டதே எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடிவரும் இப்படிப்பட்ட வங்கி ஓட்டங்களைத் தடுக்கத்தான். ஆனால் அது 12 வட்டார வங்கிகளின் கூட்டமைப்பு, யார் சொல்வதை யார் கேட்பது என்பதே தகராறு. ஓரளவு எல்லோரையும் இழுத்துப் பிடிக்கக்கூடிய நியூயார்க் கிளையின் தலைவர் பெஞ்சமின் ஸ்ட்ராங் 1928 அக்டோபரில் இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

பங்குச் சூதாட்டத்தை அடக்க 1929 ஆகஸ்டில் நியூயார்க் கிளை வட்டியை 6 சதவீதமாக உயர்த்தியது. சரிவுக்குப் பின் குறைத்தார்கள், ஆனால் வங்கிகள் விழத் தொடங்கியபோது கையைக் கட்டிக்கொண்டார்கள். விழுபவை மோசமாக நடத்தப்பட்ட வங்கிகள், விழட்டும், கழிவு போகட்டும் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. 1932 வசந்தத்தில் நாடாளுமன்றம் நெருக்கியதால் சுமார் 100 கோடி டாலருக்கு அரசுப் பத்திரங்களை வாங்கிப் பணத்தை உள்ளே விட்டார்கள். கொஞ்சம் மூச்சு வந்தது, கோடையிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் எரிச்சலூட்டும் இடம் இதுதான்.

தங்கம் இதில் எங்கே வந்தது?

அன்று டாலர் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது, ஒரு அவுன்ஸ் 20.67 டாலர். யார் நோட்டைக் கொண்டு வந்தாலும் அந்த விலைக்குத் தங்கம் கொடுக்க வேண்டும், ஃபெடரல் ரிசர்வ் அச்சிடும் நோட்டுகளுக்கு 40 சதவீதம் தங்கம் இருப்பில் இருக்க வேண்டும். பெரிய நாடுகள் அநேகமாக எல்லாமே இதே கயிற்றில் கட்டிக்கொண்டு நின்றதால் ஒருவர் வழுக்கினால் எல்லோரும் இழுபட்டார்கள்.

1931 மே மாதம் வியன்னாவில் கிரெடிட் அன்ஸ்டால்ட் என்ற ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கி தள்ளாடியது. பயம் ஜெர்மனிக்குப் போனது, அங்கிருந்து லண்டனுக்கு. செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியது. அடுத்தது டாலர்தான் என்று நினைத்த வெளிநாட்டவர்கள் அமெரிக்காவிலிருந்து தங்கத்தை எடுக்கத் தொடங்கினார்கள். தங்கம் வெளியேறாமல் இருக்க ஃபெடரல் ரிசர்வ் அக்டோபரில் ஒரே வாரத்தில் வட்டியை 1.5 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாக்கியது. நாட்டில் வங்கிகள் விழுந்துகொண்டிருக்கும்போது வட்டியை உயர்த்துவது, தங்கத்தைக் காக்க நினைத்தால் சரியான முடிவு, மற்ற எதைக் காக்க நினைத்தாலும் பைத்தியக்காரத்தனம்.

தங்கத்தைச் சீக்கிரம் விட்ட நாடுகள் சீக்கிரம் எழுந்தன, கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த பிரான்ஸ் (1936 வரை) கடைசிவரை இழுத்துக்கொண்டு கிடந்தது. இத்தனை நாடுகளில் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்திவரும் விஷயம் பொருளாதார வரலாற்றில் அபூர்வம்.

பணம் சுருங்கியதும் விலைவாசியும் இறங்கியதே, அது மக்களுக்கு நல்லதுதானே?

சம்பளம் குறையாமல், கடனும் இல்லாமல் இருப்பவருக்கு நல்லதுதான். அப்படி எத்தனை பேர் இருந்தார்கள்?

ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். 1929இல் அவருக்கு 1,000 டாலர் கடன். கோதுமை புஷல் (தானியத்துக்கான ஓர் அளவு) ஏறக்குறைய ஒரு டாலர் விற்றது, ஆக 1,000 புஷல் விற்றால் கடன் அடையும். 1932இல் கோதுமை 40 சென்டுக்கும் கீழே. அதே கடனை அடைக்க இப்போது 2,500 புஷலுக்கு மேல் வேண்டும். நிலம் அதேதான், மழையும் கூடவில்லை, கடன் பத்திரத்தில் ஓர் எண்கூட மாறவில்லை, ஆனால் பாரம் இரண்டரை மடங்கு. அவர் என்ன செய்வார்? இன்னும் அதிகமாக விதைப்பார். எல்லோரும் அதையே செய்ய, விலை மேலும் இறங்கும். இந்தச் சுழலைக் கடன்-பணவாட்டம் என்று பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1933இல் விளக்கினார். 1929 அக்டோபரில், சரிவுக்குச் சில நாட்கள் முன்பு, பங்கு விலைகள் நிரந்தரமான உயரத்துக்கு வந்துவிட்டன என்று அறிவித்துத் தன் சொந்தப் பணத்தையும் கோட்டைவிட்டவர் இதே ஃபிஷர்தான். ஆனாலும் அவருடைய விளக்கம் சரியான விளக்கம்.

அயோவா, நெப்ராஸ்கா பக்கம் வங்கிகள் பண்ணைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது அக்கம்பக்கத்து விவசாயிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். குதிரைக்கு 5 சென்ட், பசுவுக்கு 10 சென்ட் என்று கேட்பார்கள், அதற்கு மேல் யாரும் கேட்கக்கூடாது. தெரியாத ஆள் யாராவது வாயைத் திறந்தால் தோளில் ஒரு கனமான கை விழும், சில இடங்களில் கொட்டகை வாசலில் சுருக்குக் கயிறே தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் சில டாலருக்கு முடிந்ததும் வாங்கியவர்கள் அத்தனையையும் பழைய சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் பென்னி ஏலம். சட்டத்துக்கு உட்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

இறக்குமதி வரியை உயர்த்தியதும் ஒரு காரணமா?

சின்னக் காரணம். ஸ்மூட்-ஹாலி சட்டம் 1930 ஜூனில் கையெழுத்தானது, வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் மனுப் போட்டும் அன்றைய அதிபர் ஹூவர் கையெழுத்திட்டார். கனடா உட்படப் பல நாடுகள் பதிலுக்கு வரி போட்டன, உலக வணிகம் சுருங்கியது. ஆனால் அமெரிக்கப் பொருளாதாரத்தில் ஏற்றுமதி அன்று மிகச் சிறிய பங்குதான். இதை முதல் காரணமாகச் சொல்பவர்களுக்கு வேறு ஏதோ வாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பணக்காரர்கள் கையில் எல்லாம் குவிந்ததால், சாதாரண மக்களிடம் வாங்கும் சக்தி இல்லாமல் போனது என்கிறார்களே?

1920களில் ஏற்றத்தாழ்வு பெருகியது உண்மை, விவசாயிகளுக்கு அந்தப் பத்தாண்டில் நல்ல காலமே வரவில்லை என்பதும் உண்மை. முதல் உலகப்போரின்போது கோதுமை 2 டாலருக்கு மேல் விற்றதை நம்பிக் கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் 1921லிருந்தே தவித்துக்கொண்டிருந்தார்கள். மந்தம் வர இது போதும். அது பெருமந்தமாக மாற இது போதாது, ஏனென்றால் ஏற்றத்தாழ்வு 1929இல் திடீரென்று வரவில்லை.

ஹூவர் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தார். இது அவருக்கு நடந்த அநியாயம் என்றே சொல்லலாம். 1929 நவம்பரிலேயே தொழிலதிபர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துச் சம்பளத்தைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பொதுப்பணிச் செலவைக் கூட்டினார். 1932 ஜனவரியில் வங்கிகளுக்கும் ரயில்வேக்களுக்கும் கடன் கொடுக்க மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை உருவாக்கினார், அவருக்குப் பின் அதிபராக வந்த ரூஸ்வெல்ட் இதே கழகத்தை வைத்துத்தான் பல வேலைகளைச் சாதித்தார்.

அவருடைய சிக்கல், இரண்டு நம்பிக்கைகளை விடவே இல்லை. வரவுசெலவு சமநிலையில் இருக்க வேண்டும், டாலர் தங்கத்தோடு இருக்க வேண்டும். முதல் நம்பிக்கைக்காக 1932இல், மந்தத்தின் அடிமட்டத்தில், வருமான வரியின் உச்ச விகிதத்தை 25இலிருந்து 63 சதவீதமாக உயர்த்தினார். பசித்தவருக்கு மத்திய அரசு நேரடியாக உதவினால் சுயமரியாதை கெட்டுவிடும், தொண்டு நிறுவனங்களும் ஊராட்சிகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஊராட்சிகளிடம் பணமே இல்லை. நகர ஓரங்களில் தகரத்தையும் அட்டையையும் வைத்து முளைத்த குடிசைகளுக்கு மக்கள் ஹூவர்வில் என்று பெயர் வைத்தார்கள். 1932 ஜூலையில், தருவதாக அரசு வாக்குக் கொடுத்திருந்த போனஸைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்ட முன்னாள் போர்வீரர்களை ராணுவம் கண்ணீர்ப்புகை வீசி விரட்டியது. நவம்பர் தேர்தல் முடிவு அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

ரூஸ்வெல்ட் வந்ததும் முதலில் என்ன செய்தார்?

வங்கிகளை மூடினார். வேடிக்கை இல்லை, அதுதான் முதல் மருந்து.

1933 மார்ச் 4 அன்று அவர் பதவியேற்றபோது பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கெனவே வங்கிகளை மூடியோ கட்டுப்படுத்தியோ வைத்திருந்தன. மார்ச் 6 முதல் நாடு முழுக்க வங்கி விடுமுறை. ஒரு வாரம் நாட்டில் பணமே கிடைக்கவில்லை. சில ஊர்களில் உள்ளூர்ச் சீட்டுகளை அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் குத்துச்சண்டை பார்க்க வந்தவர்களிடம் 50 சென்ட் டிக்கெட்டுக்குப் பதிலாக அதே மதிப்புள்ள பொருள் எதையும் வாங்கிக்கொண்டார்கள், தொப்பி, செருப்பு, உருளைக்கிழங்கு மூட்டை என்று குவிந்தது. மார்ச் 9 அன்று அவசர வங்கிச் சட்டம், ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. உறுப்பினர்களில் பலர் அதன் அச்சடித்த படியைக்கூடப் பார்க்கவில்லை.

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் வங்கியில் போடும் பணம் பெட்டியில் அப்படியே இருப்பதில்லை, அதை வங்கி கடனாகக் கொடுக்கிறது, எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்று வகுப்பு எடுப்பதுபோல விளக்கினார். ஆய்வு செய்து நல்ல வங்கிகளை மட்டும் திறக்கிறோம், மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட அங்கே போடுவது பாதுகாப்பு என்றார். மறுநாள் காலை மறுபடியும் வரிசை நின்றது, பணம் எடுக்க இல்லை, போட. மார்ச் 15இல் பங்குச் சந்தை திறந்தபோது ஒரே நாளில் 15 சதவீதம் ஏறியது. அந்த ஆய்வு அத்தனை ஆழமாக ஒரு வாரத்தில் நடந்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. ஆனால் மக்கள் நம்பினார்கள், வங்கி விஷயத்தில் நம்பிக்கைதான் பாதி மூலதனம்.

நிரந்தர ஏற்பாடு ஜூனில் வந்தது, வைப்புத்தொகைக் காப்பீடு. 1934 ஜனவரி முதல் ஒரு கணக்குக்கு 2,500 டாலர் வரை அரசு பொறுப்பு, அதே ஆண்டில் அது 5,000 ஆனது. ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்த வங்கிகளில், 1934இல் காப்பீடு பெற்றவற்றில் விழுந்தவை 9. ரூஸ்வெல்டுக்கே ஆரம்பத்தில் இந்தத் திட்டம் பிடிக்கவில்லை, நாடாளுமன்றம் தள்ளிக்கொண்டு வந்தது.

மக்களிடமிருந்து தங்கத்தைப் பிடுங்கினார் என்பது உண்மையா?

உண்மை. 1933 ஏப்ரல் 5 ஆணைப்படி தங்கக் காசு, கட்டிகளை 20.67 டாலர் விலைக்கு வங்கியில் ஒப்படைக்க வேண்டும், மீறினால் 10,000 டாலர் வரை அபராதம் அல்லது சிறை. 100 டாலர் மதிப்புவரை காசு வைத்துக்கொள்ளலாம், நகைகளைத் தொடவில்லை. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு 1934 ஜனவரியில் தங்கத்தின் விலையை 35 டாலராக்கினார். ஒப்படைத்தவர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மீட்புக்கு மிகப் பெரிய உந்துதல் இங்கேதான் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். டாலர் மலிவானது, ஐரோப்பாவில் போர் பயம் வேறு, தங்கம் அமெரிக்காவுக்குள் கொட்டியது, அதை வைத்துப் பணம் பெருகியது, விலைகள் ஏறத் தொடங்கின, கடன் வாங்கியவர்களுக்கு மூச்சு வந்தது. 1933 முதல் 1937 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. பெரிதாகப் பேசப்படாத இந்தப் பண விஷயம்தான் மீட்பின் பெரும்பகுதி என்று கிறிஸ்டினா ரோமர் போன்ற பொருளாதார அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அப்போ நியூ டீல் என்ற பெயரில் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டங்கள் எல்லாம் வீணா?

அப்படிச் சொல்லவில்லை. பசியைப் போக்கும் வேலை வேறு, பொருளாதாரத்தை நிமிர்த்தும் வேலை வேறு. முதல் வேலையைப் பல திட்டங்கள் நன்றாகவே செய்தன.

இளைஞர்களுக்கான இயற்கைப் பாதுகாப்புப் படை எனக்குப் பிடித்தது. வேலையில்லாத இளைஞர்களைக் காட்டுக்கு அனுப்பி மரம் நட, பாதை போட, தீயணைக்க வைத்தார்கள். மாதம் 30 டாலர், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் போனார்கள். 1935இல் வந்த பொதுப்பணித் திட்டமான டபிள்யூபிஏ 1943 வரை சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலை, பள்ளிக்கூடம், பாலம் மட்டும் இல்லாமல் ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் நாடகக்காரர்களையும்கூட அமர்த்தியது, அதற்காகக் கேலியும் வாங்கியது. டென்னசி பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி மின்சாரம் கொண்டுவந்தார்கள்.

விவசாயத் திட்டம் என்னால் சுலபமாக ஏற்க முடியாதது. விலையை ஏற்றுவதற்காக விளைச்சலைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். 1933இல் திட்டம் தொடங்கும்போதே பருத்தி முளைத்துவிட்டது, பன்றிகள் குட்டி போட்டுவிட்டன. ஆக, சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள், 60 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். நாட்டில் பட்டினி இருக்கும்போது இப்படி. விலை ஏறியது, உண்மை.

தொழிற்துறைக்கான என்ஆர்ஏ திட்டம் தோல்வி என்றே சொல்வேன். ஒவ்வொரு தொழிலும் கூடிப் பேசி விலையையும் கூலியையும் விதிகளாக எழுதிக்கொள்ளலாம், ஒப்புக்கொண்ட கடைகளில் நீலக்கழுகுப் படம் ஒட்டலாம். போட்டியைக் குறைத்து விலையை ஏற்றினால் உற்பத்தி எப்படிக் கூடும் என்று யாரும் சரியாக விளக்கவில்லை. புரூக்ளினில் கோழி விற்ற ஷெக்டர் சகோதரர்களின் மேல்முறையீட்டு வழக்கில் 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது.

இந்த உதவிகள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா?

இல்லை. பருத்தியைக் குறைத்ததற்கான பணம் நிலச்சொந்தக்காரருக்குப் போனது. நிலம் குறைந்ததும் அவர் முதலில் வெளியேற்றியது விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டவர்களை, தெற்கு மாநிலங்களில் அவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமில்லை, அதாவது கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதிக்கு இடமில்லை. மெக்சிகோ வம்சாவளியினர் லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

வளர்ச்சி இருந்தும் வேலையின்மை ஏன் தீரவில்லை?

பள்ளம் அத்தனை ஆழம். நடுவில் 1937இல் தாங்களாகவே மறுபடி ஒரு குழியை வெட்டிக்கொண்டார்கள். நிலைமை சரியாகிவிட்டது என்று எண்ணி அரசு செலவைக் குறைத்தது, புதிய சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கத் தொடங்கியது. ஃபெடரல் ரிசர்வ் 1936, 1937இல் வங்கிகள் இருப்பில் வைக்க வேண்டிய பணத்தை இரு மடங்காக்கியது, வரும் தங்கம் பணமாக மாறாமல் கருவூலம் தடுத்து வைத்தது. 14 சதவீதத்துக்கு இறங்கியிருந்த வேலையின்மை 1938இல் மீண்டும் 19ஐத் தொட்டது. பிறகு எல்லாவற்றையும் திருப்பி மாற்றினார்கள், மீட்பும் திரும்பியது. எது வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது, வேண்டுமென்று செய்த சோதனை இல்லை என்றாலும்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தப் பழைய புள்ளிவிவரங்கள் டபிள்யூபிஏ மாதிரித் திட்டங்களில் கூலி வாங்கியவர்களையும் வேலையில்லாதவர்கள் என்றே எண்ணின. அவர்களைக் கழித்தால் 1930களின் பிற்பகுதி எண்கள் கணிசமாக இறங்கும்.

கடைசியில் போர்தான் காப்பாற்றியதா?

வேலையின்மை 1940இல் 14.6 சதவீதம், 1944இல் 1.2. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் படையில் சேர்த்தால் வேலையின்மை தீரத்தான் செய்யும். போர்க்காலத்தில் கார் விற்பனை இல்லை, சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன், அதை வளமான வாழ்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசு பெரிதாகச் செலவு செய்தால் உற்பத்தி எழும் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் சொன்னது நிரூபணமானது, நியூ டீல் கால வரவுசெலவுப் பற்றாக்குறை அதற்கு எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதும் தெரிந்தது. போருக்கு முன்பே மீட்பு வேகமாக நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன?

ஜப்பான் 1931 டிசம்பரில் தங்கத்தை விட்டது, நிதியமைச்சர் தகாஹாஷி கொரெகியோ செலவைக் கூட்டினார், நாடு மிகச் சீக்கிரம் எழுந்தது. பிறகு ராணுவச் செலவைக் குறைக்கப் பார்த்ததற்காக 1936 பிப்ரவரியில் ராணுவ அதிகாரிகள் அவரைக் கொன்றார்கள். ஜெர்மனியில் புரூனிங் அரசு அவசர ஆணைகளால் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டே போனது, வேலையில்லாதவர்கள் 60 லட்சம் ஆனார்கள். 1928இல் 2.6 சதவீத வாக்கு வாங்கிய நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 37 சதவீதம் வாங்கியது.

தமிழர்களை இது தொட்டதா?

தொட்டது, கடல் தாண்டி. மலாயாவில் ரப்பர் விலை படுத்ததும் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன, 1930க்கும் 1932க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களை அரசு கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. பர்மாவில் கதை தலைகீழ். நெல் விலை சரிந்ததும் விவசாயிகளால் செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை, ஈட்டு நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1930இல் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் சுமார் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கால்பங்கு. அவர்களுக்கு வேண்டியது பணம், வந்ததோ விற்க முடியாத நிலம், கூடவே பர்மியர்களின் வெறுப்பு. இந்தியாவுக்குள் விளைபொருள் விலை ஏறக்குறைய பாதியானது. பிரிட்டிஷ் அரசு ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்சில் பிடித்து வைத்திருந்ததால் இங்கே எதையும் தளர்த்த வழியில்லை. 1931க்குப் பிறகு கிராமத்து வீடுகளிலிருந்து தங்கம் விற்பனைக்கு வந்து கப்பல் கப்பலாக வெளியே போனது.

மறுபடி இப்படி ஒன்று வருமா?

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தபோது ஃபெடரல் ரிசர்வ் தலைவராக இருந்தவர் பென் பெர்னான்கி, பெருமந்தத்தை ஆராய்ந்தே பெயர் வாங்கியவர். 2002இல் ஃபிரீட்மனின் 90ஆவது பிறந்தநாள் விழாவில், அன்று நடந்தது எங்கள் தவறுதான், இனிச் செய்ய மாட்டோம் என்று மத்திய வங்கியின் சார்பில் ஒப்புக்கொண்டவரும் அவரே. 2008இல் பணத்தைத் தாராளமாக உள்ளே விட்டார். வேலையின்மை 10 சதவீதத்தில் நின்றது, 25க்குப் போகவில்லை. வங்கிகளைக் காப்பாற்றினீர்கள், வீடு இழந்தவர்களை விட்டுவிட்டீர்கள் என்ற கோபம் மிச்சம்.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கக் கோரிக்கை வந்தது. பிராங்க்ஸ் மாதிரித் தெருவில் கூட்டம் கூட வேண்டியிருக்கவில்லை, கைப்பேசி போதுமாக இருந்தது. காப்பீட்டு வரம்பு 2,50,000 டாலர், அந்த வங்கியின் வைப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வரம்புக்கு வெளியே. அரசு அந்த வார இறுதியிலேயே முழுத் தொகைக்கும் பொறுப்பேற்றது. வரம்பை உயர்த்தலாமா, உயர்த்தினால் வங்கிகள் துணிந்து சூதாடுமா என்ற விவாதம் 1933இல் நாடாளுமன்றத்தில் நடந்தது, இப்போதும் அதே வாதங்களோடு நடக்கிறது.